அண்ணன் பேசாத கடைசிக் காட்சி

என்னைப் பாராட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எல்லோரையும் சொல்லவில்லை. ‘மூழ்கிய ஊர்’ என்ற எங்கள் பழைய வீடியோ கேமின் கடைசிக் காட்சிக்காகப் பாராட்டுகிறவர்களை மட்டும்தான் சொல்கிறேன். கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த மௌனம் இருக்கே மேடம்! எப்படி அந்தத் துணிச்சல் வந்துச்சு உங்களுக்கு?" என்பார்கள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்காமல் பார்த்துக்கொள்வதே எனக்குப் பெரும்பாடாக இருக்கும்.

நான் அங்கே மௌனம் எதையும் வைக்கவில்லை. ஒரு பக்கம் முழுக்கப் பேச்சு வைத்திருந்தேன். என் ஆயுசில் நான் எழுதியதிலேயே உருப்படியான பக்கம் அதுதான். விளையாடிய ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. அந்த வயிற்றெரிச்சலைச் சொல்ல வேண்டுமென்றால், நாங்கள் அந்த கேமைச் செய்த மாடியறையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

கீழே அண்ணனின் லாண்டரி. மேலே நாங்கள் மூன்று பேர், மூன்று கம்ப்யூட்டர்கள். கதையும் வசனமும் நான். படமெல்லாம் ஓவியன். எல்லாவற்றையும் சேர்த்து ஓட வைக்கிற புரோகிராமரை நாங்கள் பூச்சி என்று கூப்பிடுவோம். புரோகிராமில் வரும் பிழையை எங்கள் தொழிலில் ‘பக்’ என்பார்கள், அதாவது பூச்சி. அவன் உட்கார்ந்து எழுந்த இடத்தில் நாலு பூச்சியாவது இல்லாமல் இருக்காது. துவைக்கிற மிஷின் சுற்றத் தொடங்கினால் எங்கள் தரை அதிரும், மேசையில் வைத்த டீ கிளாஸ் தானாக நகரும். ஜன்னலைத் திறந்தால் கஞ்சியும் நீராவியும் கலந்த ஒரு வாசனை மேலேறி வரும். இன்றைக்கும் ஏதாவது ஹோட்டல் படுக்கை விரிப்பில் அந்த வாசனை அடித்தால் எனக்கு உடனே எழுத உட்கார வேண்டும் போல இருக்கும்.

மின்சார இணைப்பு இரண்டு மாடிக்கும் சேர்த்து ஒன்றுதான். அண்ணன் பெரிய இஸ்திரி மிஷினைப் போட்டால் மேலே எங்கள் கம்ப்யூட்டர்கள் படுத்துவிடும். முதல் தடவை அப்படி ஆனபோது ஓவியன் அன்றைய வேலை மொத்தத்தையும் இழந்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். அதற்குப் பிறகு அண்ணன் தானாகவே ஒரு ஏற்பாடு செய்தான். மிஷினைப் போடுவதற்கு முன் ஹேங்கர் மாட்டும் நீளக் கொம்பால் கூரையைத் தட்டுவான். எங்கள் காலடியில் டொக் டொக்கென்று கேட்கும். "சேவ் பண்ணு, சேவ் பண்ணு!" என்று மூன்று பேரும் கத்திக்கொண்டு கீபோர்டின் மேல் விழுவோம். எங்கள் கூச்சல் அடங்கி, இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்துத்தான் அவன் ஸ்விட்சைப் போடுவான். அவ்வளவு சந்தோஷமாக நான் வேறெங்கும் வேலை செய்ததில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ பெரிய அலுவலகங்களில் உட்கார்ந்து பார்த்துவிட்டேன். எனக்காக யாரும் கூரையைத் தட்டவில்லை.

இந்த ஏற்பாட்டைப் பற்றியும் அவன் எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அண்ணன் அப்படித்தான். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். அப்பா போனபோது அவனுக்குப் படிக்கிற வயசு. புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கடையைத் திறந்தான். படித்தது நான். தூரத்து ஊர்க் கல்லூரியில் இடம் கிடைத்து நான் கிளம்பிய காலையில் அவன் கடை மேசைக்குப் பின்னால் நின்று சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தான். "போயிட்டு வர்றேண்ணா" என்றேன். தலையை ஆட்டினான், அடுத்த சட்டையை எடுத்தான். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். கோபமா, வருத்தமா, பொறாமையா, ஒன்றும் புரியாமல் ஒரு மனுஷனை விட்டுவிட்டுப் போவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? படிப்பை முடித்து, கூடப் படித்த இரண்டு பையன்களையும் மூன்று கம்ப்யூட்டர்களையும் இழுத்துக்கொண்டு நான் திரும்பி வந்தபோதும் அவன் எதுவும் கேட்கவில்லை. மாடியறையில் கிடந்த பழைய ஹேங்கர்களை அள்ளிக்கொண்டு கீழே போனான். சரியான கல்லுளிமங்கன்.

‘மூழ்கிய ஊர்’ அந்த ஆத்திரத்தில் பிறந்தது. ஒரு அண்ணன், ஒரு தங்கை. ஊரை வெள்ளம் சூழ்ந்திருக்கிறது. தூரத்தில் இருக்கும் மதகைத் திறந்தால்தான் தண்ணீர் வடியும். அண்ணன் போகாதே என்று முகத்தைத் திருப்பிக்கொள்ள, தங்கை தனியாகக் கிளம்புகிறாள். விளையாடுகிறவர் கையில் இருப்பது தங்கைதான். நீந்தி, கூரைக்குக் கூரை தாவி, படகு தேடி, மதகைத் திறந்து, கடைசியில் வீட்டுக்கு வருகிறாள். நனையாமல் காப்பாற்றிய துணிகளை அண்ணன் மடித்துக்கொண்டிருக்கிறான். அவளைப் பார்த்ததும் பேசத் தொடங்குகிறான்.

அந்தப் பேச்சுதான் என் பக்கம். "நீ போனப்ப நான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டது உன்மேல கோபத்துல இல்ல. நான் இங்கயே நின்னுட்டேனேங்கிற ஆத்திரத்துல. நீ போனது சரிதான். எனக்காக நீ போகாம இருந்திருந்தா, உன்னை நான் மன்னிச்சிருக்கவே மாட்டேன்" என்று ஆரம்பித்துப் போகும். யார் பேச வேண்டிய பேச்சை யார் வாயில் வைத்தேன் என்று நான் விளக்கத் தேவையில்லை. என் திட்டமெல்லாம் ஒன்றுதான். கேம் வெளியானதும் ஒரு டிஸ்கை அண்ணன் கையில் கொடுப்பேன். அவன் விளையாடி முடித்து அந்தப் பக்கத்தைப் படிப்பான். படித்துவிட்டு, "ஆமா" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்வான். எனக்கு அது போதும்.

பூச்சி அதில் மண்ணைப் போட்டான்.

எங்கள் தொழிலில் ஒரு பாத்திரம் பேச வேண்டுமென்றால், கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டியைத் தரையில் வைப்போம். விளையாடுகிறவர் அதற்குள் கால் வைத்ததும் பேச்சு தொடங்கும். டிஸ்க் அடிக்கப் போவதற்கு முந்தைய வாரம் ஓவியனுக்கு ஞானோதயம் வந்தது. தண்ணீர் இன்னும் முழுக்க வடியாமல் ஊரே மூழ்கிக் கிடக்க, அண்ணன் மட்டும் கீழ்த்தளத்தில் காய்ந்த துணியோடு உட்கார்ந்திருப்பதாவது! அண்ணன், துணி, அலமாரி எல்லாவற்றையும் அப்படியே தூக்கி மாடியில் வைத்தான். பெட்டியையும் மேலே நகர்த்த வேண்டியது பூச்சியின் வேலை. நகர்த்திவிட்டேன் என்று இன்றைக்கும் சத்தியம் செய்வான். நகர்த்தவில்லை. பெட்டி கீழ்த்தளத்திலேயே, யாரும் போக முடியாத தண்ணீருக்கடியில் கிடந்தது. அப்போதெல்லாம் வெளியான கேமைத் திருத்த வழி கிடையாது. டிஸ்கில் போனது போனதுதான்.

ஆக, கடைகளுக்குப் போன ‘மூழ்கிய ஊர்’ இப்படித்தான் முடிந்தது: தங்கை மாடி ஏறி வருவாள், அண்ணன் மடித்துக்கொண்டே இருப்பான். சும்மா இருக்கிற பாத்திரம் பொம்மை மாதிரி தெரியக் கூடாதென்று ஓவியன் அவனுக்கு இரண்டு அசைவுகள் வரைந்திருந்தான். கீழே கடையில் போய் உட்கார்ந்து என் அண்ணனையே பார்த்து வரைந்தவை. ஒன்று, சட்டையை மடிப்பது. இன்னொன்று, எப்போதாவது ஒரு தடவை, மடித்த அடுக்கைக் கையால் ஓரமாகத் தள்ளி வைப்பது. பார்ப்பதற்குத் தங்கை உட்கார இடம் விடுவது போல இருந்தது. அவ்வளவுதான், ஜனங்கள் தேம்பித் தேம்பி அழுதார்கள். ஒரு சொல்கூட இல்லாமல் மன்னித்துவிட்டான் என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். பேசாத காட்சிக்காக வசனம் எழுதியவளுக்கு விருது கொடுத்த கூத்து எனக்கு மட்டும்தான் நடந்திருக்கும். மேடையில் பல்லைக் கடித்துக்கொண்டு பூச்சிக்கு நன்றி சொன்னேன். அவன் முன்வரிசையில் உட்கார்ந்து வெட்கமில்லாமல் கைதட்டினான்.

அண்ணனுக்கும் ஒரு டிஸ்க் கொடுத்தேன். "பாக்கறேன்" என்று மேசை டிராயரில் போட்டான். அதற்குப் பிறகு நான் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. அவன் படிக்க வேண்டியது தண்ணீருக்குள் கிடக்கும்போது கேட்டு என்ன ஆகப்போகிறது? அடுத்த வருஷம் எங்கள் கம்பெனி பெரிய நகரத்துக்கு மாறியது. மறுபடியும் நான் கிளம்பினேன், மறுபடியும் அவன் மடித்துக்கொண்டிருந்தான்.

போன வருஷம் ஒரு போன் வந்தது. ஒரு பெரிய நிறுவனம் ‘மூழ்கிய ஊர்’ கேமைப் புதிதாகச் செய்கிறது. பேசியது அதன் தலைமை வடிவமைப்பாளர், சின்னப் பெண். ஆரம்பித்தால் மூச்சு விட மாட்டாள். வாயாடி என்று அந்த நிமிஷமே மனசுக்குள் பெயர் வைத்துவிட்டேன்.

"அக்கா, உங்களை அக்கான்னு கூப்பிடலாம்தானே, பழைய ஃபைலை எல்லாம் தோண்டிப் பாத்தோம், கடைசிக் காட்சியில தண்ணிக்கு அடியில ஒரு பெட்டி கெடக்கு அக்கா, அதுக்குள்ள ஒரு பேச்சு! ஒரு பக்கம் முழுக்க! என்னது இது?"

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "படிச்சியா?"

"படிச்சேன், படிச்சேன், மனப்பாடமே ஆயிடுச்சு. சின்ன வயசுல அந்த அண்ணன் முன்னாடி எவ்வளவு நேரம் உக்காந்திருப்பேன் தெரியுமா? எங்கம்மா வந்து கம்ப்யூட்டரை அணைக்கிற வரைக்கும். அவன் பேசாம இருக்கறதுதான் எனக்குப் பிடிக்கும். ஆனா இந்தப் பக்கத்தைப் படிச்சதும் எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. எழுதினது நீங்க. நீங்க என்ன சொல்றீங்களோ அதான்."

"பேசணும்" என்றேன். யோசிக்கக்கூட இல்லை.

அன்றைக்கே பூச்சியைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவன் இப்போது வேறொரு நாட்டில் வங்கிகளுக்குப் புரோகிராம் எழுதுகிறான். அந்த வங்கிகளைக் கடவுள்தான் காப்பாற்ற வேண்டும். "ஒருவழியா உன் வீட்டுத் தண்ணி வடிஞ்சிடுச்சா?" என்று சிரித்தான். பிறகு என்ன நினைத்தானோ, "அண்ணன்கிட்ட கேட்டியா?" என்றான். "அவன்கிட்ட கேக்க என்ன இருக்கு?" என்றேன். "இல்ல, சும்மா" என்று வைத்துவிட்டான்.

நல்ல அனுபவசாலியான ஒரு டப்பிங் கலைஞரைக் கூட்டி வந்து என் பக்கத்தைப் பேச வைத்தார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, நான் எழுதியதை முதல் முறையாகக் காதால் கேட்டேன். குரல் எங்கே உடைய வேண்டுமோ அங்கே உடைந்தது. ஒலிப்பதிவு செய்த பெண் மூக்கை உறிஞ்சினாள். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. இனிமேல் ஒருவரும் என்னிடம் மௌனத்தைப் பாராட்ட முடியாது என்ற நினைப்பே இனித்தது.

அப்போதுதான் வாயாடி மெதுவாகக் கேட்டாள். அந்த மடிக்கிற அசைவை இந்தத் தடவை வரையப் போவதில்லை. நிஜமான ஆளை மடிக்க வைத்துப் பதிவு செய்யப் போகிறார்கள். "யாரையோ பாத்து வரைஞ்சதுன்னு ஒரு பேட்டியில சொல்லியிருந்தீங்களே அக்கா. அவர் இன்னும் கடை வச்சிருக்காரா?"

எனக்கும் அண்ணனுக்கும் இடையே வாரத்துக்கு ஒரு தடவை போன் உண்டு. சாப்பிட்டியா, மழையா, சரி வை என்பதோடு முடிந்துவிடும். அந்த வாரம் அதை நீட்டினேன்.

"அண்ணா, ஒரு உதவி வேணும். நீ இங்க வந்து துணி மடிக்கணும்."

"என்ன துணி?"

"துணி முக்கியமில்ல. உன் உடம்பெல்லாம் உருண்டை உருண்டையா ஒட்டுவாங்க. நீ மடிக்கும்போது கேமரா அந்த உருண்டையை எல்லாம் பிடிக்கும். அதை வச்சு கேம்ல வர்ற அண்ணன் அசைவான். அந்தப் பழைய கேம்தான், திரும்பச் செய்றாங்க."

மறுமுனையில் மிஷின் சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. கடையை விட்டு வர மாட்டான், ஏதாவது சாக்குச் சொல்வான் என்று காத்திருந்தேன்.

"சனிக்கிழமை வர்றேன்" என்றான்.

வந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது, லேசாகத் தொப்பை போட்டிருந்தது. கையில் ஒரு பெரிய பை. உள்ளே கஞ்சி போட்ட பருத்திச் சட்டைகளை அடுக்கி வைத்திருந்தான். "நீங்க குடுக்கற துணி எப்படி இருக்குமோ" என்றான்.

பதிவு நடக்கும் இடம் ஒரு பெரிய கூடம். கறுப்புத் தரை, சுற்றிலும் கூரையை ஒட்டிக் கேமராக்கள், ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்புப் பொட்டு வெளிச்சம். தரையில் வெள்ளை டேப்பால் ஒரு கட்டம் ஒட்டியிருந்தார்கள். அதற்குள் நடப்பதைத்தான் கேமராக்கள் பார்க்கும். அண்ணனை உடம்போடு ஒட்டிய கறுப்பு உடை ஒன்றுக்குள் நுழைத்து, தோள், முழங்கை, விரல் என்று ஓரிடம் விடாமல் சாம்பல் நிற உருண்டைகளை ஒட்டினார்கள். அவன் கண்ணாடியில் தன்னை ஒரு சுற்றுப் பார்த்துக்கொண்டான்.

"அம்மை போட்டவன் மாதிரி இருக்கேன்" என்றான். வாயாடி உதட்டைக் கடித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினாள்.

அடுத்த தகராறு துணியில் வந்தது. துணி விரல்களை மறைத்தால் கேமராவுக்கு உருண்டை தெரியாது. "துணி இருக்கற மாதிரி நெனச்சுக்கிட்டு மடிங்க சார்" என்றான் கேமராக்களைக் கவனித்துக்கொண்ட பையன். அண்ணன் வெறுங்கையை நீட்டினான், பார்த்தான், மறுபடி இறக்கிவிட்டான். "வரலப்பா" என்றான் பாவமாக. கடைசியில் வலைத்துணியில் தைத்த சட்டைகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதற்குள்ளே விரல் தெரியும். "கொசுவலையில சட்டையா? யாரு போடறது?" என்று கேட்டுவிட்டு மடிக்க ஆரம்பித்தான்.

காலர், தோள், கை இரண்டும் பின்னால், பாதியில் ஒரு மடிப்பு, உள்ளங்கையால் ஒரு தடவல். நான் பார்த்து வளர்ந்த கை. ஒரு வார்த்தைக்காக எத்தனை காலைகளில் இந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்! திரையில் ஒரு சாம்பல் நிற உருவம் அவன் செய்வதை எல்லாம் அப்படியே செய்துகொண்டிருந்தது.

"சூப்பர். இப்ப பேச்சோட ஒரு தடவ போயிடலாம்" என்றாள் வாயாடி. பேச்சின் நீளத்துக்கு மடிப்பும் வர வேண்டும் என்பதால் டப்பிங் கலைஞரின் பதிவை ஸ்பீக்கரில் போட்டார்கள்.

"நீ போனப்ப நான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டது உன்மேல கோபத்துல இல்ல..."

அண்ணனின் கை நின்றது. ஸ்பீக்கரை நிமிர்ந்து பார்த்தான். பையன் பதிவை நிறுத்தினான்.

"யாரு பேசறது?" என்றான் அண்ணன்.

"கேம்ல வர்ற அண்ணன் சார். கடைசிக் காட்சியில, தங்கச்சி திரும்பி வந்ததும்" என்றாள் வாயாடி.

"அவன் பேசமாட்டானே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"விளையாடினேனே."

"எப்ப?"

"நீங்க எல்லாம் காலி பண்ணிட்டுப் போறதுக்கு முன்னாடி பூச்சிதான் கடை கம்ப்யூட்டர்ல போட்டுக் குடுத்தான். மழைக்காலத்துல கடைக்கு யாரு வர்றாங்க? அப்பப்ப உக்காருவேன். எனக்கு அதெல்லாம் சட்டுனு வராது. அந்த மதகு எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கறதுக்குள்ள அடுத்த மழைக்காலமே வந்துடுச்சு." கையில் இருந்த வலைச்சட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "பாவம், அந்தப் பொண்ணைத் தண்ணியில ரொம்பப் படுத்திட்டேன்."

பூச்சியைக் கையில் கிடைத்தால் நசுக்கிவிட வேண்டும் போல இருந்தது. இத்தனை வருஷம் கமுக்கமாக இருந்திருக்கிறான்! "முடிவு வரைக்கும் போனியா? ஏண்ணா எங்கிட்ட சொல்லல?" என்று கத்திவிட்டேன்.

"நீ கேக்கலியே" என்றான். பிறகு, யாரும் கேட்காமலே, அண்ணன் பேசினான். என் வாழ்க்கையில் அவன் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"முடிவு பரவால்ல. ஆரம்பம்தான் எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. அந்தப் பொண்ணு கதவுகிட்ட வந்து நிக்கும். அண்ணன்காரன் அந்தப் பக்கம் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பான். நான் பட்டனை அமுக்கினாத்தான் அவ கதவைத் தொறந்துக்கிட்டு வெளிய போவா. அமுக்கலன்னா அங்கயே நிப்பா, கதை நகராது. எனக்கு விரல் வரல. அணைச்சுட்டுக் கடையைப் பூட்டிட்டேன். அடுத்த நாளும் போட்டேன், அமுக்கல. அப்புறம் பாத்தேன், அவ கதவைப் பாத்துக்கிட்டே நிக்கறா. எத்தன நாளைக்கு நிக்க வைக்கிறது? போகணும்னு நிக்கறா. சரி போன்னு அமுக்கிட்டேன்."

நான் அந்தக் காட்சியை எழுதியவள். கதவுக்கு ஒரு பட்டன் வைக்கலாம் என்று சொன்னதும் நான்தான். விளையாடுகிறவர் தன் கையாலேயே அவளை வீட்டை விட்டு அனுப்ப வேண்டும், அப்போதுதான் பொறுப்பு வரும் என்று ஓவியனோடும் பூச்சியோடும் மல்லுக்கு நின்றிருக்கிறேன். அந்தப் பட்டனில் அண்ணனின் விரல் போய் நிற்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

"முடிவுல அவ வந்துட்டா" என்றான் அண்ணன். "அவன் துணியைத் தள்ளி எடம் விட்டான். அதுக்கு மேல என்ன பேச்சுன்னு நானும் அணைச்சுட்டேன்." ஸ்பீக்கரைக் காட்டினான். "இது நீ எழுதினதா?"

"ஆமாண்ணா. அப்பவே எழுதினது. பூச்சி கோட்டை விட்டுட்டான், வராமப் போயிடுச்சு."

"முழுசாப் போடச் சொல்லு."

வாயாடி என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அண்ணன் மடிக்கவில்லை. சட்டையை மேசையில் வைத்துவிட்டு, உருண்டை ஒட்டிய கைகளைக் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி நின்று கேட்டான். அவன் படிக்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டும் என்று நான் எழுதிய பக்கம் அது. இப்போது எனக்குப் பார்க்கத் தைரியம் வரவில்லை. குரல் உடைய வேண்டிய இடத்தில் உடைந்தது, முடிய வேண்டிய இடத்தில் முடிந்தது.

"ஆமா" என்றான் அண்ணன்.

அவ்வளவுதான் சொன்னான். நான் அழுதேன். மூக்கு ஒழுக, கைக்குட்டை தேடி, பத்துப் பேர் பார்க்க, வயசுக்குக் கொஞ்சமும் பொருந்தாத மாதிரி அழுதேன். எனக்கு அவன்மேல் ஒரு வருத்தமும் இல்லை. அந்த நிமிஷம் பூச்சிமேல்கூட இல்லை.

அண்ணனுக்குத்தான் சங்கடமாகப் போய்விட்டது. "சரி தம்பி, அடுத்து என்ன மடிக்கணும்?" என்றான் பையனிடம்.

பையன் அவசரமாகத் தேடி ஒரு பெரிய வலைத்துணியைக் கொண்டுவந்தான். படுக்கை விரிப்பு அளவுக்கு இருந்தது. அண்ணன் இரண்டு முனைகளைப் பிடித்து உதறினான். மறுபக்கம் தரையில் புரண்டது. "இதை ஒத்தையாளா மடிக்க முடியாதேம்மா. அந்தப் பக்கம் ஒருத்தர் பிடிக்கணும்" என்றான். உருண்டை ஒட்டிய இன்னோர் உடை எங்கே, யாருக்கு அளவு சரியாக இருக்கும் என்று ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். அண்ணன் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. என்னைப் பார்த்து, "வா" என்றான்.

நான் புடவையோடு வெள்ளைக் கட்டத்துக்குள் போய் மறுமுனைகளைப் பிடித்தேன். "அக்கா, ரெக்கார்டு ஓடுது!" என்று யாரோ கத்தினார்கள். ஓடட்டும். இழுத்துப் பிடித்தோம், உதறினோம், பாதியாக மடித்தோம், மறுபடி இழுத்தோம். பிறகு அவன் என்னை நோக்கி நடந்து வந்து, தன் முனைகளை என் கையில் சேர்த்துக் கொடுத்துவிட்டு, கீழே தொங்கிய மடிப்பைக் குனிந்து எடுத்துக்கொண்டு பின்னால் போனான். சின்ன வயசில் கடையில் எத்தனையோ விரிப்புகளை நாங்கள் இப்படி மடித்திருக்கிறோம். கை மறக்கவில்லை. முடிந்ததும் அவன் அதை வாங்கி உள்ளங்கையால் ஒரு தடவு தடவினான்.

பையன் பதிவைத் திரையில் ஓட்டினான். சாம்பல் நிற உருவம் ஒன்று இரண்டு முனைகளைப் பிடித்து நீட்டிக்கொண்டு நிற்கிறது. எதிரே ஒருவரும் இல்லை. உதறுகிறது, நடந்து வருகிறது, வெறும் காற்றில் யாரிடமோ முனைகளைப் பத்திரமாகக் கொடுக்கிறது. "மேடம் பக்கம் பதிவே ஆகல. உருண்டை இல்லையே, கேமராவுக்கு அவங்க தெரிய மாட்டாங்க. திரும்ப எடுத்துடலாமா?" என்றான்.

வாயாடி அதை இன்னொரு தடவை ஓட்டச் சொல்லிப் பார்த்தாள். என் பக்கம் திரும்பி, "இப்படியே வச்சுடலாமா அக்கா?" என்றாள். "அண்ணன் முனையை நீட்டட்டும். தங்கச்சியை நடத்திட்டுப் போய் எதிர்ல நிக்க வைக்கிறதும், மறுமுனையைப் பிடிக்கிறதும் விளையாடறவங்க கையில இருக்கட்டும். பிடிச்சா மடிக்கலாம். பிடிக்கலன்னா அவன் நீட்டிக்கிட்டே நிப்பான்." ஒரு நொடி தயங்கினாள். "அப்ப பேச்சு?"

"எடுத்துடு."

"நெஜமாவா அக்கா? இத்தன வருஷம்..."

"கேக்க வேண்டியவன் கேட்டாச்சு" என்றேன்.

அண்ணன் திரைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தான். உருவம் மறுபடியும் நடந்து வந்து, காற்றிடம் முனைகளைக் கொடுத்தது. "இவ எங்க?" என்றான், என்னைக் காட்டி. சூட் போடாததால் நான் பதிவாகவில்லை என்று பையன் விளக்கினான். அந்த இடத்தில் இனி விளையாடுகிறவர்கள்தான் வந்து நிற்பார்கள் என்று வாயாடி சொன்னாள். யார் வேண்டுமானாலும் வரலாம், உலகத்தின் எந்த மூலையில் இருந்தும் வரலாம் என்றாள்.

அண்ணன் திரையில் அந்தக் காலி இடத்தை விரலால் தொட்டுக் காட்டினான்.

"யார் வேணும்னாலும் வரட்டும்மா" என்றான். "வர்றவங்ககிட்ட சொல்லிடுங்க, அது என் தங்கச்சி நின்ன எடம்."